அல்லாஹ்விடம் நம் விலை

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. இதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால், போய் உட்கார்ந்த பிறகு நாம் செய்வது என்ன?

சில மாதங்களுக்கு முன், படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைப் பார்க்கச் சென்றோம். வழியெல்லாம் ஒரே யோசனை. கையில் கொண்டு போவது போதுமா? வசதியுள்ள உறவினர்கள் வந்திருப்பார்களே, அவர்கள் நடுவே நம்மை யார் மதிப்பார்கள்? போனதும், ஸப்ரின் சிறப்பைப் பற்றி நீளமாகப் பேசினோம். இவ்வளவு விஷயம் தெரிந்தவரா என்று அங்கிருப்போர் எண்ண வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. பெரியவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாம் இடம் கொடுக்கவில்லை. துஆச் செய்துவிட்டு எழுந்து வந்தோம். வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. போனது அவருக்காக, அங்கே இருந்ததோ நமக்காக!

அன்பு இல்லாமல் இது நேரவில்லை. நம் உள்ளம் நம்மைப் பற்றியே வழக்காடிக்கொண்டிருந்தது. நான் தாழ்ந்தவனா, உயர்ந்தவனா, இவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவன் காதில் அடுத்தவர் முனகல் எப்படி விழும்? பெருமை அடிப்பவனும் தன்னையே பார்க்கிறான். தன்னைத் தாழ்த்திப் புழுங்குபவனும் தன்னையே பார்க்கிறான். இருவருக்கும் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவதில்லை.

ஜாஹிர் (ரலி) என்ற கிராமத்து ஸஹாபியின் நிகழ்ச்சியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அழகில்லாத தோற்றம் உடையவர். பாலைவனத்தில் விளையும் பொருள்களைப் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவார். ஒரு நாள் அவர் கடைவீதியில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் பின்னால் வந்து கட்டியணைத்துக்கொண்டார்கள். யார் என்று தெரியாமல் விடுவித்துக்கொள்ளப் பார்த்தவர், தெரிந்ததும் அந்தத் திருமார்பில் தம் முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டார். இந்த அடிமையை வாங்குவோர் யார் என்று பெருமானார் வேடிக்கையாகக் கேட்டார்கள். அப்படியானால் என்னை விலை போகாத சரக்காகத்தான் காண்பீர்கள் என்றார் அவர். ஆனால் அல்லாஹ்விடத்தில் நீர் விலை போகாதவர் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அளித்தார்கள். திர்மிதீ இமாம் அவர்களின் ‘ஷமாயில்’ நூலில் இது பதிவாகியுள்ளது.

பெருமானார் அவரிடம், நீர் அழகானவர்தான் என்று பொய்யாக ஆறுதல் கூறவில்லை. விலையைத் தீர்மானிக்கும் இடத்தை மாற்றிக் காட்டினார்கள். நம் விலை கடைவீதியில் இல்லை என்று உணர்ந்தவனுக்கு, ஒவ்வொரு முகத்திலும் அதைத் தேடி அலையும் வேலை மிச்சம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நஃப்ஸை அடக்கச் சொல்வதல்லவா மார்க்கம்? தன்னை அப்படியே ஏற்றுக்கொள் என்றால் பாவத்தையும் ஏற்றுக்கொள்வதா? அன்று! அல்லாஹ் கொடுத்தது வேறு, நாம் செய்தது வேறு. நிறம், உருவம், பிறந்த வீடு, உடலின் பலவீனம் இவையெல்லாம் அவன் கொடுத்தவை. இவற்றை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். பொய், புறம், பொறாமை நாம் செய்தவை. இவற்றுக்குத் தௌபா வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கி, கறுப்பு நிறத்துக்கு வெட்கப்படுகிறோம். புறம் பேசுவதற்கு வெட்கப்படுவதில்லை.

தன்னை வதைத்துக்கொள்வது வணக்கம் ஆகாது என்பதற்கும் ஸஹாபாக்கள் வாழ்விலேயே பாடம் உண்டு. அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களுடைய மனைவியோ கவனிப்பாரின்றி இருந்தார்கள். விருந்தாளியாக வந்த ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அதைக் கண்டு, அவரை உண்ண வைத்து, உறங்க வைத்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உமக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு. அவரவர் உரிமையைக் கொடுத்துவிடும் என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று பெருமானாரும் உறுதி செய்ததைப் புகாரியில் காண்கிறோம். தன்னை மறந்தவர் இல்லாளையும் மறந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பெரியவரிடம் மறுபடியும் சென்றோம். இம்முறை பிரசங்கம் இல்லை. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து அவரே மெல்லக் கேட்டார்: “தம்பி, நின்று தொழ முடியவில்லை. பிள்ளைகள் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இப்படித் தொழுவது அல்லாஹ்விடம் போய்ச் சேருமா?” முதல் நாள் அவர் கேட்க வந்தது இதைத்தான்!

மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியை அவருக்குச் சொன்னோம்: நின்று தொழுங்கள், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்து. பெரியவரின் கண்கள் நிறைந்துவிட்டன. அவருடைய தளர்ந்த உடலை அல்லாஹ் ஏற்றுக்கொண்டிருந்தான். அவர்தான் ஏற்காமல் புழுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் புழுக்கத்தைத் தீர்க்கும் செய்தி முதல் நாளே நம்மிடம் இருந்தும், கேட்கும் செவிதான் இல்லாமல் போயிற்று.

அன்பர்களே! அடுத்த முறை ஒருவரைப் பார்க்கப் போகும்போது, நம்மைப் பற்றிய கவலையை வாசலில் செருப்போடு விட்டுச் செல்வோம். கைப்பேசியை எடுக்காமல், முகம் பார்த்து உட்கார்வோம். அவர் பேசட்டும், நாம் கேட்போம்.

வல்ல அல்லாஹ், அவன் கொடுத்ததைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தையும், அவன் அடியார்களின் துயரைக் கேட்கும் செவியையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.