தையலாவது கற்கட்டும்

தமிழில் 'ஆவது' என்றோர் இடைச்சொல் உண்டு. 'கஞ்சியாவது குடித்தாயா?', 'ஒரு வார்த்தையாவது சொன்னானா?' என்று கேட்கிறோம். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை, அதற்குக் கீழான ஒன்றேனும் கிடைத்ததா என்பது அதன் உட்பொருள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் எங்கள் கடற்கரைப் பங்குகளின் குருமனைத் திண்ணையில் இந்த இடைச்சொல் அடிக்கடி ஒலிக்கும். "பிள்ள தவறிப் போச்சு, சாமி. சிஸ்டர்மாருகிட்டச் சொல்லுங்க, தையலாவது கத்துக்கிடட்டும்." பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என எந்த ஊராயினும் சொற்கள் ஏறத்தாழ இவைதாம். கணவனைக் கடலில் பறிகொடுத்த பெண்ணுக்காக உறவினர் பேசவரும்போதும், கணவனால் கைவிடப்பட்டவளுக்காகப் பேசவரும்போதும் அதே 'ஆவது' உடன் வருகிறது.

பெற்றோரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் கணக்கு தெளிவானது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வீட்டில் வரவு நின்றுபோகும் அந்த இரண்டு மாதங்களும் பள்ளி திறப்பதற்கு முந்திய மாதங்களாகவே அமைகின்றன. சீருடை தைக்கக் கூலி கிடைக்கும் காலம் அது. கடல் மூடும்போது தையற்பொறி திறக்கிறது என்பதை எங்கள் பெண்கள் எந்தப் பொருளியல் நூலும் படிக்காமல் கண்டுகொண்டார்கள். மண்டபம் முகாமிலும் இதைக் காணலாம். 1983 முதல் அலை அலையாகவும், 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது மீண்டும் சிறு படகுகளிலும் வந்து இறங்கியவர்களுள், படிப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவர முடியாதவர் பலர். விரல்கள் கற்றதை மட்டும் எந்தக் கடலும் பறித்துக்கொள்வதில்லை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழக அரசு வழங்கிவரும் இலவசத் தையல் இயந்திரத்துக்குக்கூட, தையல் தெரியும் என்னும் சான்று வேண்டும். ஆகவே வகுப்பு தேவையா என்பது கேள்வியன்று.

கேள்வி வேறு. வேறு வழியில்லாதவர்க்கு மட்டும் நாம் வைத்திருக்கும் கல்வி கல்விதானா? அல்லது, அவர்கள்மீது நமக்கிருந்த நம்பிக்கை தீர்ந்துவிட்டது என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறையா?

தமிழ்நாடு இக்கேள்வியை ஒருமுறை உரத்த குரலில் கேட்டதுண்டு. 1953-இல் இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் பாதிப்பொழுது பாடம், மீதிப்பொழுது பெற்றோரின் தொழில் என்றொரு திட்டம் வந்தது. மக்கள் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது. அந்தச் சினம் நியாயமானது என்பதே என் கருத்து. அத்திட்டம் நிலைத்திருந்தால் எங்கள் கடற்கரைச் சிறுவன் நண்பகலுக்குப்பின் வலைக்கும், வணிகர் வீட்டுச் சிறுவன் கணக்குப் புத்தகத்துக்கும் போயிருப்பான். கற்கும் பொருளைத் திறமையோ விருப்பமோ முடிவுசெய்யாது, பிறப்பே முடிவுசெய்திருக்கும். ஆனால் அந்தப் போராட்டத்தில் வென்ற நாம், சொல்லாமலே இன்னொரு முடிவுக்கும் வந்துவிட்டோம்: கையால் கற்பது தாழ்ந்தது, தப்பிக்க இயலாதவர்க்கே உரியது என்று. குலத்தின் பெயரால் விதித்ததை எதிர்த்தோம். தேர்வு மதிப்பெண்ணின் பெயரால் அதையே நாம் விதிக்கும்போது யாரும் எதிர்ப்பதில்லை.

கைவினை அறிவைச் சேர்ந்ததன்று என்ற எண்ணத்தைத் திருச்சபையின் மரபு ஒப்பவில்லை. புனித தோமா அக்குவினார், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கைவினையை அறிவின் நற்பண்புகளுள் ஒன்றாகவே வைத்தார். செய்யப்படும் பொருளைக் குறித்த நேரிய அறிவு அது என்றார். குருமடத்தில் படித்தபோது இது ஒரு வரையறையாகவே எங்களுக்கு நின்றது. ரவிக்கை வெட்டுவதை அருகிலிருந்து பார்த்தால் விளங்கிவிடும். துணி தட்டையானது, உடல் உருண்டையானது. தோள் அகலம், மார்புச் சுற்று, கழுத்து இறக்கம், கைக்குழி என்று அளவு நாடா சொல்லும் சில எண்களைக் கொண்டு, தட்டையான ஒன்றை உருண்டைக்குப் பொருந்தச் செய்யவேண்டும். தையற்காரர் 'டார்ட்' என்னும் சிறு மடிப்பைப் பிடிக்குமிடம் தவறினால் ஆடை முழுவதும் இழுக்கும். கணக்கில் தோற்றாள் என்று நாம் தள்ளிய பெண், பள்ளியில் எவரும் தராத கடினமான வடிவக் கணக்கைத் துணிமேல் சுண்ணக்கட்டியால் போடுகிறாள்.

தோமா இன்னொன்றும் சொன்னார். நம் பிரசங்கங்களுக்கு அது சற்று இடைஞ்சலானது. தெரிந்தே பிழை செய்யும் கைவினைஞன், தெரியாமல் பிழை செய்பவனைவிடச் சிறந்தவன். விவேகத்திலோ தெரிந்தே பிழை செய்பவனே கேடானவன். அதாவது, நன்றாகத் தைப்பவர் நல்லவராயிருக்க வேண்டியதில்லை. 'தையல் கற்றால் பெண்பிள்ளை அடக்கமாயிருப்பாள், பொறுமை வரும்' என்று நாம் சொல்லும்போது, ஊசியின்மேல் அதற்குரியதல்லாத சுமையை ஏற்றுகிறோம். கணக்குக் கற்பவனிடம் அடக்கம் வரும் என்று யாரும் சொல்வதில்லை; கணக்கு வரும் என்றே சொல்கிறோம். தையல் கற்பவளுக்கும் அந்த மரியாதை போதும்.

'தையல்' என்னும் சொல்லையே பாருங்கள். இலக்கியத் தமிழில் அது பெண்ணையும் குறிக்கும். அவள் சொல்லைக் கேட்கலாகாது என்றது ஔவையின் ஆத்திசூடி. அவளை உயர்த்துமாறு பணித்தது பாரதியின் புதிய ஆத்திசூடி. சொல்லிலேயே பெண்ணையும் ஊசியையும் சேர்த்துத் தைத்துவிட்ட நாம், கடைத்தெருவில் அத்தையலைப் பிரித்துவிடுகிறோம். இராமநாதபுரத்துக் கடைவீதிகளில் நெடுங்காலமாகப் பொறியின்முன் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆண்களே. கூலியும் பெயர்ப்பலகையும் உள்ள தையல் ஆணுக்கு, வீட்டுக்குள் நடப்பது பெண்ணுக்கு. புனித பவுலோ கமாலியேலின் காலடியில் திருச்சட்டம் கற்றவர். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் கணவன் மனைவியரோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர். அந்த மூவரின் வேலையிடத்தில் ஆணும் பெண்ணும் ஒரே தொழிலில் இருந்தனர். படித்தவர் கையும் அதில் இருந்தது. பவுல் 'கூடாரமாவது செய்வோம்' என்று அமர்ந்ததாகத் தெரியவில்லை. யாருக்கும் சுமையாயிராமல் நற்செய்தி சொல்லும் உரிமையை அந்தத் தொழிலே அவருக்குத் தந்தது.

உரிமை தரும் ஊசியைத் தென்தமிழகமும் கண்டிருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியருக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். அடிமைகளாயிருந்தோர் சிலர் அந்த வருவாயைக் கொண்டு தம் விடுதலையை வாங்கினர். தோளை மறைக்கும் உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூர்ப் பெண்கள் 1859 வரை போராடியபோது, போராட்டத்தின் நடுவே இருந்தது குப்பாயம் என்னும் தைத்த மேலாடை. பின்னர் 1897-இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜிய நாட்டு அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டரும் அவர்வழி வந்த நம் சகோதரிகளும் அனாதைச் சிறுமியருக்கு அதே கலையைக் கற்பித்தனர். இங்கெல்லாம் ஊசி இரண்டாந்தரப் பரிசாக இருக்கவில்லை.

யோப்பாவை எண்ணாமல் இதைப்பற்றி எழுத முடியாது. அதுவும் ஒரு கடற்கரைப் பட்டணம். அங்கே தொற்கா என்னும் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டி அழுததாகத் திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. கிறிஸ்மசுக்குக் கைம்பெண்களுக்குச் சேலை வழங்கும் நாளில் இப்பகுதி என் நினைவுக்கு வரும். அந்தக் கண்ணீரில் நன்றி இருந்தது. அடுத்த அங்கியை யார் தைப்பார் என்னும் அச்சமும் இருந்திருக்கலாமோ? தபித்தா அவர்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தாரா என்று விவிலியம் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னை விடுவதில்லை. கொடுப்பவர்க்கு நன்றி கிடைக்கிறது. கற்பிப்பவர்க்கோ, கற்றவர் ஒருநாள் எழுந்துபோய்விடுவதுதான் கிடைக்கிறது. நம் வகுப்புகளில் சில ஆண்டுக்கணக்கில் அதே பெண்களோடு, அதே தலையணை உறைகளைத் தைத்துக்கொண்டிருப்பதைக் காணும்போது, நாம் உண்மையில் எதை விரும்புகிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுந்துபோகிறவர் எங்கே போகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். திருப்பூரின் பெரிய ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒருத்தி நாள் முழுவதும் காலர் மட்டும் தைப்பாள், அடுத்தவள் சட்டைக் கை மட்டும். முழுச் சட்டையை வெட்டித் தைக்கக் கற்றவள், அங்கே போனபின் முழுச் சட்டையைக் காண்பதில்லை. கூலி வருகிறது, அதை இழிவாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆயினும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பு மனிதருக்காக உள்ளது, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று கற்பித்ததை இங்கே மறக்கலாகாது. பொறிகளை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளும் 1924-இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையற்பொறிக்கு மட்டும் விலக்களித்தார். கையால் தைத்து வருந்திய மனைவியின்மேல் கொண்ட அன்பால் சிங்கர் அதைப் படைத்தார் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கதை எவ்வளவு உண்மையோ, அவர் வைத்த அளவுகோல் இன்றும் பயன்படும்: பொறி யாருக்காக ஓடுகிறது? வரிசைக்கு ஆள் சேர்ப்பதற்காகவே நடத்தப்படும் வகுப்பு, முதல் மாதத்திலேயே காலரோடு நின்றுவிடுகிறது. முழு ஆடையைக் கற்பிக்கும் வகுப்பு, தொழிற்கூடத்துக்குப் போகவும் அங்கிருந்து திரும்பிவந்து தனியே பிழைக்கவும் வழி வைக்கிறது.

வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது, தையலுக்கு உள்ளே கூடுதலாகத் துணி விடுவது நம் தாய்மார் வழக்கம். அடுத்த ஆண்டு பிரித்து விட்டால் ஆடை பெரிதாகும். நம் வகுப்பின் விதிகளிலும் அப்படிச் சிறிது துணி விடவேண்டும் என்பதே என் வேண்டுகோள். வகுப்பு மாலை ஐந்து மணிக்குப் பின்னரே நடக்கட்டும். அப்போது அதற்காக எவரும் பள்ளியை நிறுத்தமாட்டார். தவறிய பிள்ளை மறுதேர்வு எழுதவும் சகோதரிகள் உதவட்டும். தேறிய பிள்ளையும் வரட்டும், பொறியியல் படிக்கப் போகிறவளும் விடுமுறையில் வரட்டும். பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே மேசையில் அமரட்டும். ஊசியில் நூல் கோக்கப் பாட்டியின் கண்ணுக்கு ஆகாது. துணியின் ஓரம் மடிக்கப் பேத்தியின் கைக்கு வராது. காலால் மிதிக்கும் பொறியின் பலகைக்குச் சிறு பிள்ளைகளின் கால் எட்டுவதில்லை. அவர்கள் பொத்தானும் கைத்தையலும் கற்றால் போதும். பெரியவர்கள், வழக்கம்போல, முதலில் நூலில்லாமல் கோடிட்ட தாளின்மேல் பொறியை ஓட்டிப் பழகட்டும். நாற்பது வயதுக்காரர் கோட்டைவிட்டு விலகுவதைப் பத்து வயதுச் சிறுமி பார்த்துச் சிரிப்பதும் நல்லதே. கற்கும்போது எல்லாரும் ஒரே வயதினர் என்பதை வேறெங்கும் அவள் காணப்போவதில்லை.

பாசி எடுக்கும் எங்கள் பெண்களையும் அழைத்துக் கேட்கவேண்டும். பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க அவர்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். அந்த விரலுறையை எப்படித் தைத்தால் நீரில் நழுவாது என்பதில் அவர்களே ஆசிரியர்கள்.

சிறுவர்கள் பற்றித்தான் தயக்கம் நீடிக்கிறது. சென்ற கோடையில் கடற்கரையில் ஒருவரிடம் அவர் மகனை வகுப்புக்கு அனுப்பக் கேட்டேன். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சாமி தையல்?" என்றார். கிழிந்த வலையை மடியில் பரப்பி, கையில் வலை ஊசியோடு அமர்ந்திருந்தார். வலைக்கண்ணை எண்ணிப் பழகிய மகன் பக்கத்திலிருந்தான். அவன் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன்.