அப்பாவின் ஜாகோவை விற்கலாமா?



போன ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி வேலியோரம் நின்று சிரித்தான். "அண்ணே, இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தக் கிழவனுக்குப் பொட்டு வைக்கப் போறீங்க? மாத்துங்கண்ணே!"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் வண்டி மோடனாஸ் ஜாகோ, 175 சிசி. கெடா, குரூனில் செய்தது. கவாசாகி எலிமினேட்டரின் தம்பி என்று சொல்லலாம். தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, பளபளக்கும் குழாய். சின்ன எஞ்சின்தான், ஆனால் உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும். அப்பா வாங்கியது. அப்பா இப்போது இல்லை.

மறு வாரமே ஈப்போவில் ஒரு கடைக்குப் போய் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650-ஐப் பார்த்தேன். நம்ம சென்னையில் செய்த வண்டி! இரட்டைச் சிலிண்டர், 240 கிலோவுக்கு மேல் எடை. சும்மா உட்கார்ந்து பார்த்ததற்கே மனசு பறந்தது. கடைக்காரர் கணக்குப் போட்டார்: மாதம் அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி, ஐந்து ஆண்டு. சாலை வரி 30 வெள்ளியிலிருந்து 250 வெள்ளியாக ஏறும். என் பி2 லைசென்ஸ் 250 சிசி வரைக்கும்தான் செல்லும், ஆகவே முழு 'பி' எடுக்க வேண்டும். "பழைய வண்டிய ஆயிரத்து இருநூறுக்கு எடுத்துக்கிறேன்" என்றார். அப்பாவின் வண்டிக்கு ஒருவர் விலை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

வீட்டில் வந்து சொன்னேன். மாமா கோபப்பட்டார். "அப்பன் வண்டிய விக்கிறியா? பாவம்டா." அம்மாதான் வேறு மாதிரி பேசினார். "அப்பா அந்த வண்டிக்குள்ளயா உக்காந்திருக்காரு? உனக்கு வேணும்னா வித்துட்டுப் போ. ஆனா அவருக்காக வச்சிருக்கேன்னு எங்கிட்ட பொய் சொல்லாத."

அந்த ஒரு வார்த்தை என்னை உட்கார வைத்தது. நாம் வழக்கமாகச் சொற்பொழிவில் கேட்பது என்ன? புதியதை விரும்புவது ஆசை, பழையதோடு திருப்தியாக இருப்பது நல்ல குணம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழையதை இறுக்கிப் பிடிப்பதும் ஆசைதானே? ஒரு பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் அதன் மீது பற்று வளரும் என்று கீதை இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. அந்தப் பொருள் புதிதா பழையதா என்று அங்கே பிரித்துப் பேசவில்லை. கடை வாசலில் நிற்கும் 650-ஐ நான் நினைத்து ஏங்குவதும், கொட்டகையில் நிற்கும் ஜாகோவை யாரையும் தொடவிடாமல் பூட்டி வைப்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

இன்னொன்றையும் யோசித்தேன். இந்த ஜாகோ வீட்டுக்கு எப்படி வந்தது? சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. அப்பா அதில் ஒரு பங்கை எடுத்து, ஓட்டைக் கப்சாயைக் கொடுத்துவிட்டு, 2002-இல் இந்த வண்டியை வாங்கினார். பாட்டி மூன்று நாள் பேசவில்லையாம். "பால் மரம் வெட்டுனவனுக்கு எதுக்கு இந்தத் தொரை வண்டி?" என்று கேட்டாராம். ஆக, நான் இன்று புனிதமாக நினைக்கும் வண்டியே அன்று அப்பாவின் ஆசை. அவர் 'போதும்' என்று கப்சாயிலேயே இருந்திருந்தால், எனக்கு இன்று நினைத்து உருக ஒன்றும் இருந்திருக்காது.

அதனால்தான் 'இருப்பதே போதும்' என்ற உபதேசத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கிறேன். நம் தாத்தா பாட்டிகளிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது இதுதானே? லயம் போதும், தோட்டப் பள்ளி போதும், பிரட்டுக்கு நேரத்தில் வந்தால் போதும். அதைச் சொன்னவர்கள் பங்களாவில் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 'கிடைத்தது போதும்' என்று சொல்லவில்லை. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்து, தோட்டத்தையே வாங்க வைத்தார். அதுவும் ஆசைதான். அதை யார் பாவம் என்பார்கள்?

அப்படியென்றால் எந்த ஆசையும் சரியா? அதற்கும் பதில் நம் பேராக்கிலேயே நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாகோவில் பத்து காஜாவுக்குப் போய், கோப்பெங் போகும் சாலையில் இருக்கும் கெல்லி கோட்டையைப் பார்த்தேன். வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பர் தோட்டக்காரர். அவருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மாளிகை இருந்தது. அது போதவில்லை. 1915-இல் அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தொடங்கினார். மின்தூக்கிக்கும் இடம் விட்டுக் கட்டினார். 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார். கோட்டை முடியவே இல்லை. இன்று அங்கே நாம் டிக்கெட் எடுத்துப் படம் பிடிக்கிறோம்.

அதற்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கட்டுமான வேலையின்போது காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் தங்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்மித் கட்டிக் கொடுத்தார். நம் ஆட்கள் நன்றி மறக்கவில்லை. கோயில் மேலே சாமிகளோடு கோட்டு போட்ட அவர் உருவத்தையும் வைத்தார்கள். தனக்காகக் கட்டியது பாழாய் நிற்கிறது, பிறர் கேட்டுக் கட்டியதில் இன்னும் விளக்கு எரிகிறது.

ஆக, 'ஆசைப்படலாமா' என்று கேட்பதைவிட, 'எவ்வளவு ஆழத்துக்கு, யாருடைய செலவில்' என்று கேட்பதே சரி என்று எனக்குப் பட்டது. அப்பா மரம் வெட்டுவதைப் பற்றிச் சொல்வார்: "கத்தி மேலாப்புல போனா பால் வராது. ஆழமா போனா இன்னைக்குப் பால் கொட்டும், ஆனா மரத்துல காயம் பட்டுடும். அப்புறம் அந்த இடத்துல பட்டை நல்லா வளராது." பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் கட்டையைத் தொடக்கூடாது. அந்த அளவு கைக்குத் தெரிந்தவர்தான் நல்ல வெட்டுக்காரர்.

என் ஆசையின் ஆழத்தை அளக்க ஒரு வழி செய்தேன். புது வண்டி வாங்கிவிட்டதாகவே நினைத்து மாதம் 600 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்தேன். முதல் மாதம் முடிந்தது. இரண்டாம் மாதம் தங்கச்சியின் கல்லூரிச் செலவுக்குக் கொடுப்பதில் 200 குறைந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வார இறுதியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மூன்றாம் மாதம்தான் எனக்கே தெரிய வந்தது. கத்தி கட்டையைத் தொட்டுவிட்டது, ஆனால் காயம் என் மேல் இல்லை. அன்றே நிறுத்தினேன். சேர்த்ததை அவளிடம் கொடுத்தேன். தங்கச்சி படிப்பு முடியும்வரை 650 என்ற பேச்சே இல்லை.

அதற்காக ஜாகோவைப் பூஜை அறைப் பொருளாக வைத்துக்கொள்ளவும் இல்லை. அம்மா சொன்ன பொய்யை நிறுத்தினேன். அப்பாவுக்காக இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, ஓடுகிறது, அதனால் வைத்திருக்கிறேன். இப்போது மாதம் ஒருமுறை அதில் பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போகிறேன். அங்கே இன்னும் சில குடும்பங்கள் விளக்கேற்றுகிறார்கள். செம்மண் பாதையில் எண்ணெய், பூ, பிள்ளைகளுக்குத் தேவாரப் புத்தகம் எல்லாம் பின்னால் கட்டிக்கொண்டு போக இந்தச் சின்ன வண்டிதான் சரி. பக்கத்து வீட்டுத் தம்பி லைசென்ஸ் எடுத்ததும் அவனையும் ஓட்டவிட்டேன். முதல் நாள் கை நடுங்கியது. அவனுக்கு இல்லை, எனக்கு!

ஒரு நாள் இதையும் விட வேண்டி வரும். பிள்ளையாரையே களிமண்ணில் பிடித்து, பூப்போட்டுக் கும்பிட்டு, பிறகு ஆற்றில் கரைக்கிறவர்கள் நாம். கும்பிட்டதும் உண்மை, கரைப்பதும் உண்மை. அந்த நாள் வரும்போது 1,200 வெள்ளிக்குப் போனாலும் சரி, ஒரு தம்பி வேலைக்குப் போக இலவசமாகப் போனாலும் சரி, சாவியைக் கொடுக்கும் கை இறுகாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் இப்போதிருந்தே பழகுகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு அது வண்டியாக இருக்கலாம், கைப்பேசியாக இருக்கலாம், வீடாகவும் இருக்கலாம். வாங்குங்கள், வைத்திருங்கள், விற்கவும் செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று மாதம் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். வீட்டில் யார் சத்தமில்லாமல் எதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.