கரைக்காவலும் கலுங்கின் அதிகாரமும்

அடைமழை ராத்திரியில் கண்மாய்க் கரைமேல் விளக்கும் மண்வெட்டியுமாக நடக்கிற ஆள் யார்? நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன், நீராணிக்கன் என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். தெரு மாறாது. பெரும்பாலும் அவன் காலனி ஆள். அவன் காவல் காக்கிற அந்தக் கண்மாயின் ஆயக்கட்டில் அவனுக்கு ஒரு செண்டு நிலம் இருக்காது. தனக்குப் பங்கில்லாத தண்ணியைக் காக்க ஒருத்தன் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவன் என்றால், அந்தக் கடமைக்கு எதிரே நிற்கிற உரிமை எது? கரைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் மண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள், மதகைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் வருவதில்லை.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மண்கரை மூணு விதமாகப் போகும். தண்ணி மேலே வழிந்து அறுக்கும். கரைச்சரிவு ஊறிப்போய்ச் சரியும். இல்லையென்றால் உள்ளுக்குள்ளேயே மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழாய் மாதிரி ஓட்டை விழும். மூணாவதுதான் கள்ளத்தனமானது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும். பட்டுப்போன கருவேல வேர் மக்கி, கரைக்குள் வழி விடும். எலியும் நண்டும் வளை தோண்டும். ரெண்டு மூணு வருசம் வறண்டு கிடந்த கண்மாய் திடீரென்று நிறையும்போது இந்த வழிகளில்தான் தண்ணி புகும்.

எங்க தாத்தா மடைவேலை பார்த்தவர். கரைக்கு வெளிப்பக்கம், அடியில் கசிகிற தண்ணியைக் கையில் அள்ளிப் பார்ப்பாராம். தெளிஞ்சு வந்தா பயமில்ல, கலங்கி வந்தா கரையே கரைஞ்சு வருதுன்னு அர்த்தம் என்பாராம். அப்படிக் கலங்கி வருகிற வாயில் சேறு அப்பி அடைக்கக் கூடாது. மணலும் சரளையும் கொட்டித் தண்ணியை விட்டு மண்ணை மட்டும் பிடிக்க வேண்டும். பொறியியல் பாடமும் இதையேதான் சொல்கிறது. பொறியாளர் சொன்னால் அது கண்காணிப்பு, அறிவு. எங்க தாத்தா சொன்னால் அது 'அவன் வேலை'. அந்த வேலைக்குக் களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லுக்கு ஒரு பேர் இருந்தது: சுதந்திரம். கை நீட்டி நின்று வாங்குகிற கூலிக்கு இந்தப் பேரை வைத்தவர்களை என்னவென்று சொல்ல!

அறிவு ஒரு பக்கமும் அதிகாரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது நேற்று நடந்ததல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் குடவோலை ஜனநாயகம் என்று படித்தோம். கி.பி. 919, 921 ஆண்டுகளின் அந்தச் சோழர் கால ஏற்பாட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழு உண்டு. அதில் உட்காரத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பேர் எந்த ஓலையிலும் எழுதப்பட்டிருக்க முடியாது. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். சென்னை மாகாணத்துக்கு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். கரை உடைகிற ஆபத்து என்றால் பக்கத்து ஊர்களில் இருக்கிற உடல் வலுவுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாகக் கூப்பிடலாம், வர மறுத்தால் தண்டிக்கலாம். நிலம் உள்ளவனைக் கூப்பிடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உழைக்கும் வகுப்பு என்று குறித்துச் சொன்னது. பொதுநலம் என்ற சொல் வரும்போதெல்லாம் யார் முதுகு குனிகிறது என்பதற்கு இது எழுத்திலேயே இருக்கிற சாட்சி.

கண்மாயில் உயிர் காக்கிற இடம் கலுங்கு. மிச்சத் தண்ணி அது வழியாகத்தான் கரைக்கு ஆபத்தில்லாமல் வெளியேற வேண்டும். இன்னும் ஒரு சாண் தண்ணி நின்றால் இன்னொரு நனைப்புக்கு ஆகும் என்று ஆயக்கட்டுக்காரர் கலுங்கில் பலகை சொருகுவார், மணல் மூட்டை அடுக்குவார். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மீன் ஓடிப்போகுமே என்று வலை கட்டுவார். குப்பை செத்தை வந்து வலையில் அடைத்துக்கொள்ளும். காவலாளி இதைப் பார்க்கிறான். ஆனால் பலகையை உருவ அவனுக்கு அதிகாரம் இல்லை. உருவினால் காலையில் ஊர்க்கூட்டத்தில் அவன் நிற்க வேண்டும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை. பெரும் பணக்காரர்கள் மீன்பிடிக்கவும் படகு விடவும் ஒரு சங்கம் அமைத்து அதை வாங்கினார்கள். கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்க உபரிநீர் வழியில் கம்பி வலை போட்டார்கள். 1889 மே 31 அன்று கரை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலைத் தொழிலாளர் நகரில் 2,209 பேர் செத்தார்கள். சங்கத்தின் மேல் எந்த நீதிமன்றமும் பொறுப்பு சுமத்தவில்லை.

பொறுப்பைக் கைமாற்றி விடுவதில் இங்கே இருப்பவர்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல. 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்து இருபது பேரளவில் இறந்தார்கள். கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு அமைச்சர், நண்டுகள்தான் காரணம் என்றார். நண்டு வளை தோண்டத்தான் செய்யும், அது அதன் பிழைப்பு. வளையைப் பார்த்து அடைப்பது யார் பிழைப்பு? சொன்னவர்கள் சொன்னதைக் கேட்பது யார் கடமை?

எங்க மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பதில் பழகிப்போன பதில். பட்டாசு ஆலை வெடித்தால் மருந்து உராய்வு, தொழிலாளியின் கவனக்குறைவு. மடைவேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றைக்கு விடிகாலையில் ஆலை வண்டி ஏறுகிறார்கள். கரையில் நடக்க ஆளில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தெருவை விட்டு ஆலைக்குப் போனவர்களுக்கு அங்கேயும் அதே இடம்தான் காத்திருந்தது. ஒரு அறைக்கு நாலு பேர்தான் இருக்கணும், மருந்து இவ்வளவுதான் இருக்கணும் என்று விதி உண்டு. அஞ்சாவது ஆள் உள்ளே வரும்போது அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும். 'வேலையை நிறுத்து' என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் வெடித்த ஆலைக்கு, விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாகச் செய்தி வந்தது. வேலை நிற்கவில்லை. நாற்பது பேர் வரை செத்தார்கள். காப்பாற்ற ஓடினவர்களும் அதில் உண்டு. மேலே இருந்து செய்கிற கண்காணிப்பு காகிதத்தில் நடக்கிறது. கீழே இருக்கிற கண்ணுக்கு வாய் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட அணைகளுக்கும்தான். தமிழ்நாட்டின் 39,000க்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்களில் மிகப் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு வராது. பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தில், நீர்ப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு ஓட்டுப் போட நிலம் வேண்டும். உத்திரமேரூரிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வருசம் நடந்து வந்திருக்கிறோம். வேதம் கழன்றுவிட்டது. நிலம் கழலவில்லை.

'கரை உடைந்தால் எல்லோரும்தானே முங்குவோம், இதில் சாதி என்ன?' என்று கேட்கிறார்கள். எல்லோரும் ஒரேபோல முங்குவதில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில் இருக்கிறது. பயிர் போனால் பட்டாவைக் காட்டி நிவாரணம் கேட்கலாம். பட்டா இல்லாதவனுக்குப் போன மூணு மாதக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? அவன் காவல் காக்காமலும் இருக்க முடியாது, முதலில் போவது அவன் குடிசை. அவனைக் கரைக்கு அனுப்புவது கடமையுணர்வு என்கிறார்கள். அது அவனுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளம். பள்ளத்தில் குடிவைத்துவிட்டுக் காவலுக்குக் கூப்பிடுவதற்குப் பேர் ஒழுக்கம் அல்ல.

இப்போது இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. வெள்ளத்தில் முங்கி மடை திறந்து உயிர்விட்டவர்கள் நம் முன்னோர், தியாகிகள், அவர்களைக் கும்பிட வேண்டும் என்று. எனக்கு இந்தப் பேச்சில் சந்தோசம் இல்லை. உயிரைக் கொடுத்தவனைச் சாமியாக்கினால் அவன் கூலி கேட்க மாட்டான். அடுத்த மழைக்கு அவன் மகன் முங்க வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் கலங்கல் தண்ணியைப் பார்த்தும் நாம் பேசாமல் இருப்பதா? இல்லை. பள்ளத்தில் தூங்குகிற பிள்ளைக்கு, அது எந்தத் தெருப் பிள்ளையானாலும், குரல் கொடுக்கத்தான் வேண்டும். அது உயிருக்குச் செய்கிற கடமை. அதைக் காட்டிக் கரைக்கும் ஆயக்கட்டுக்கும் நம்மைக் கட்டிப்போட விடக்கூடாது. காவல் வேண்டுமென்றால் நீர்பாய்ச்சிக்கு அரசுச் சம்பளம் வேண்டும். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கரைக்குக் கீழே குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் சங்கத்தில் ஓட்டு வேண்டும். எந்த இடத்தில் என்ன கசிவு, யார் எப்போது சொன்னார்கள், யார் என்ன செய்தார்கள் என்று பதிவேடு எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆபத்து என்று தெரிந்த அந்த நிமிசத்தில் யாரிடமும் கேட்காமல் கலுங்குப் பலகையை உருவுகிற அதிகாரம், கரையில் நிற்கிற ஆளுக்கு எழுத்தில் வேண்டும். ஆலையில் மருந்து அறையிலிருந்து எழுந்து வெளியே வருகிற அதிகாரமும் அதே மாதிரி எழுத்தில் வேண்டும்.

ஐப்பசி வருவதற்குள் நம் ஊர்களில் இதைக் கிராம சபைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று தோழர்கள் யோசிக்க வேண்டும். எதிர்த்துப் பேசப்போகிறவர்கள் யார் என்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.