இருபதாம் இடத்துக்கு ஒரு பிரார்த்தனை

ஆகஸ்ட் பிறந்தால் இங்கிலாந்தில் புதுக் கால்பந்து சீசன். மான்செஸ்டர் ரசிகரிடம் இந்த வருஷம் எப்படி என்று கேட்டால் எந்தெந்தக் கோப்பை வரும் என்று கணக்குச் சொல்வார். அங்கிருந்து வடக்கே ரயிலேறினால் சீக்கிரமே வந்துவிடுகிற ரோச்டேலில் அதே கேள்விக்குப் பல காலமாக ஒரே பதில்தான்: "கீழே போகாம இருந்தா சரி." அதில் வெட்கம் இல்லை, பெரிய வருத்தமும் இல்லை.

ரோச்டேல் பழைய மில் ஊர். பஞ்சும் கம்பளியும் நூற்றும் நெய்தும் பிழைத்து, மில்கள் மூடியதும் இளைத்துப்போன ஊர்களில் ஒன்று. கால்பந்து கிளப் 1907இல் தொடங்கி, 1921இல் இங்கிலாந்துக் கால்பந்து லீக்குக்குள் வந்தது. பெருமையாகச் சொல்ல 1962 லீக் கோப்பையின் இறுதிப் போட்டி இருக்கிறது. அதிலும் நார்விச்சிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-0 என்று தோற்றார்கள். 1973-74 சீசனில் 46 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. அந்தப் பிப்ரவரியில் நாடு முழுக்க மின்சாரத் தட்டுப்பாடு. மைதான விளக்கைப் போட முடியாமல், வேலைநாள் மதியத்தில் நடந்த கேம்பிரிட்ஜ் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 450 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த வருஷம் நாலாம் டிவிஷனுக்கு இறங்கிய கிளப், அடுத்த 36 வருஷம் அங்கிருந்து அசையவில்லை. அந்த டிவிஷனுக்கே 'ரோச்டேல் டிவிஷன்' என்று கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தபோதும் கிளப் அதே படியில் உட்கார்ந்திருந்தது. 2010இல்தான் மேலே ஏறினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு இறங்கும் என்று பார்த்தால், அதற்கும் ஒரு திட்டமான எண் இருக்கிறது. ஐம்பது. கீழ் லீக்குகளில் 46 ஆட்டம். வென்றால் மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. ஐம்பது புள்ளி தேறிவிட்டால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது ரசிகர்களின் வாய்க்கணக்கு. ஆகஸ்டிலேயே எண்ணத் தொடங்குகிறவர்கள் உண்டு. முதல் ஆட்டம் டிராவா? இன்னும் 49. மற்றவர்கள் பட்டியலைத் தலையிலிருந்து படிக்க, இவர்கள் காலிலிருந்து படிப்பார்கள்.

நம்மூரில் இதைக் கேட்கிறவர்கள் 'போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. போதுமென்று நினைக்கிற மனிதன் மழையில் நின்று நடுவரைத் திட்டமாட்டான். ரோச்டேலின் ஸ்பாட்லாண்ட் மைதானத்தில், கூரைக்குக் கீழே கையில் சூடான 'பை' பலகாரத்தை வைத்துக்கொண்டு, தன் அணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனைத் தொண்ணூறு நிமிஷமும் கரித்துக்கொட்டுகிறவர் ஞானி இல்லை. அவர் ஆசையைக் குறைக்கவில்லை. வெளியே சொல்வதைக் குறைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆசைதான் ஆளைக் கொல்லும் என்று இங்கிலாந்து ரசிகர்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள். அதனால் முன்கூட்டியே தோல்வியைச் சொல்லிவைத்துக்கொள்கிறார்கள். அடி விழும்போது, நான்தான் அப்போதே சொன்னேனே என்ற ஆறுதலாவது மிஞ்சும்.

அந்தப் பாசாங்கு எத்தனை மெல்லியது என்பது 2018 பிப்ரவரி 18 அன்று தெரிந்தது. எஃப்.ஏ. கோப்பையில் டாட்டன்ஹாம் ஸ்பாட்லாண்டுக்கு வந்தது. ரோச்டேல் அப்போது மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் கடைசி இடம். ஒருவரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரோச்டேல் முதல் கோலைப் போட்டது. டாட்டன்ஹாம் சமன் செய்தது. பிறகு 88ஆம் நிமிஷம் ஹாரி கேன் பெனால்டியில் முந்தினார். சரி, நினைத்ததுதான் என்று மூட்டையைக் கட்டவேண்டிய நேரத்தில், 93ஆம் நிமிஷம் ஸ்டீவ் டேவிஸ் அடித்தார், 2-2. ஒன்றும் எதிர்பார்க்காதவர்கள் அப்படிக் கத்தமாட்டார்கள். மறு ஆட்டத்தில், பனி கொட்டிய வெம்ப்ளியில், 6-1 என்று தோற்றது வேறு கதை. அதைப் பற்றி ரோச்டேலில் யாருக்கும் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த வருஷத்தின் உண்மையான நாள் மே 5. சீசனின் கடைசி ஆட்டம், சார்ல்டனோடு. இருபத்துநாலு அணிகளில் கடைசி நான்கு கீழே போகும். ரோச்டேல் கேட்டதெல்லாம் இருபதாம் இடம். பக்கத்து ஊரான ஓல்டமும் அதே இடத்துக்குத்தான் முட்டிமோதியது. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக ஜோ தாம்சன் உள்ளே வந்தார். இந்த கிளப்பில்தான் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியவர். ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் அவருக்கு ஒரு தடவை வந்து, போய், மறுபடி வந்தது. இரண்டாம் முறை ஸ்டெம் செல் சிகிச்சை முடிந்து, தனியறையில் கிடந்து, உடம்பு கரைந்து, தேறி, மைதானத்துக்குத் திரும்பி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பந்து அவர் காலுக்கு வந்தது. அடித்தார். 1-0. ரோச்டேல் 51 புள்ளி, இருபதாம் இடம். ஓல்டம் 50 புள்ளி, கீழே. வாய்க்கணக்கு அன்றைக்குப் பொய்த்துப்போனது.

லீக் ஒன்னில் இருபதாம் இடம் என்பது நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் அறுபத்துநாலாவது. அதற்காகப் பெரியவர்கள் அழுதார்கள். எதிர்பார்ப்பு இறங்கினால் ஆனந்தமும் இறங்கும் என்றுதான் சாதாரணமாகத் தோன்றும். இங்கே அது நடக்கவில்லை. தாம்சன் அடுத்த வருஷமே ஓய்வு பெற்றார். 2025 ஏப்ரலில், 36 வயதில், அதே நோய் அவரைக் கொண்டுபோனது. அவருக்கு இரங்கல் சொன்ன ஒவ்வொருவரும் அந்தக் கோலைச் சொன்னார்கள்.

இதுவரை சொன்னது அழகான பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. ரசிகன் குறைவாகக் கேட்டால் கிளப்பை நடத்துகிறவர்களுக்கு வசதி. கிளப் இருப்பதே பெரிது என்ற பேச்சை ரசிகன் சொன்னால் அது பாசம். அதையே நிர்வாகம் சொன்னால் அது தப்பித்தல். எந்த ரசிகர் கூட்டமும் இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். பலர் தாமதமாகத்தான் கற்கிறார்கள்.

அடிமட்டத்தில் பிழைப்பு என்பது ஆட்டத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதும் பழைய செய்தி. 1986 வரை நாலாம் டிவிஷனில் கடைசி நான்கு இடத்தில் வந்தவர்கள் லீக்கில் தொடர மற்ற கிளப்புகளின் ஓட்டைக் கேட்டு நிற்கவேண்டியிருந்தது. ஹார்ட்லிபூல் 14 தடவை அப்படி நின்றது. 1980இல் ரோச்டேல் நின்றபோது, லீக்குக்குள் வரக் காத்திருந்த ஆல்ட்ரிங்கமுக்கு 25 ஓட்டு, ரோச்டேலுக்கு 26. ஒரே ஓட்டு. ஓட்டு முறை ஒழிந்த பிறகாவது பிழைப்பு மனிதன் கையில் வந்ததா என்றால், 1987இல் டார்கீ அணி பிழைத்த கதையைக் கேளுங்கள். கடைசி ஆட்டத்தில் 2-1 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ் நாய் அவர்கள் ஆட்டக்காரரின் தொடையைக் கடித்தது. கட்டுப்போட எடுத்த நேரத்தை நடுவர் கடைசியில் கூட்டினார். அந்த நேரத்தில் விழுந்த கோலில் டார்கீ தப்பித்து, லிங்கன் லீக்கைவிட்டுப் போனது.

நாயின் கதையில் சிரிக்கலாம். ரோச்டேலிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் பெரி ஊரின் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. பெரி கிளப் 1894 முதல் லீக்கில் இருந்தது. 1900, 1903 என்று இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் கடனோடு சேர்ந்து ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சம்பளம் சரியாக வராத நிலையிலும் ஆட்டக்காரர்கள் விளையாடி, 2019 வசந்தத்தில் நாலாம் அடுக்கான லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து, மேலே ஏறினார்கள். ரசிகன் கேட்பதற்கும் மேலாகவே ஆடிக்கொடுத்தார்கள். ஆகஸ்டில், கிளப்பை நடத்தப் பணம் இருப்பதற்கான ஆதாரத்தை உரிமையாளரால் லீக்கிடம் காட்ட முடியவில்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. ஆகஸ்ட் 27 காலை, கிளப்பை வேறு கைகளுக்கு மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, கிக் லேன் மைதானத்துக்கு நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்தார்கள். சனிக்கிழமை ஆட்டம் நடந்தாலும் நடக்கலாம். இருக்கையெல்லாம் தூசியாக இருந்தால் எப்படி? துடைத்தார்கள், கழுவினார்கள். வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். அன்றிரவே கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

வென்றவன் செத்தான். தோற்றுக்கொண்டே இருந்த பக்கத்து ஊர்க்காரன் பிழைத்திருந்தான். ரோச்டேல்காரர்கள் பெரியைப் போட்டி ஊராகவே பார்த்துப் பழகியவர்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவருக்காவது சந்தோஷம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அடுத்தது யார் என்ற பயம்தான் வந்திருக்கும்.

எதிர்பார்ப்பு படிப்படியாக இறங்கும்போது அளவு மட்டும் குறைவதில்லை; கேட்கப்படுகிறவரும் மாறுகிறார். கோப்பை வேண்டும் என்று கோல் அடிப்பவனிடம் கேட்கிறோம். கீழே போகாதே என்று பயிற்சியாளரிடம் கேட்கிறோம். சம்பளத்தை ஒழுங்காகக் கொடு, கிளப்பை மூடாதே என்று உரிமையாளரிடம் கேட்கிறோம். அதற்கும் கீழே, சும்மா இருந்தால் போதும் என்கிற கடைசிப் படியில் நின்று கேட்கும்போது, எதிரே ஆளே இல்லை. கேட்கிறவனைத் தவிர.

ரோச்டேல் அந்தப் படியில் நின்றுவிட்டது. 2021இல் வெளியார் ஒரு கூட்டம் பங்குகளைச் சேர்த்துக் கிளப்பைக் கைப்பற்றப் பார்த்தபோது ரசிகர்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். ஆட்டக்காரர்களால் ஆனது அப்போது ஒன்றுமில்லை. அணி அந்த வருஷமே ஒரு படி இறங்கியிருந்தது. 2023இல் இன்னொரு படி. லீக்கில் 102 வருஷம் இருந்தது அதோடு முடிந்தது. 2024 மார்ச்சில், முதலீடு வராவிட்டால் கிளப்பைக் கலைக்கவேண்டிவரும் என்று நிர்வாகமே அறிவித்தது. உள்ளூரோடு தொடர்புள்ள ஒரு குடும்பம் கடைசியில் பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. அதுவரை இழுத்துப்பிடித்து நடத்தியது ரசிகர் அறக்கட்டளையும் கையிலிருந்ததைப் போட்ட பங்குதாரர்களும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. கூட்டுறவு இயக்கத்தின் வரலாறு படித்தவர்களுக்கு ரோச்டேல் என்ற பெயர் கால்பந்தால் தெரிந்ததல்ல. 1844 டிசம்பர் 21 அன்று, டோட் லேன் தெருவில், 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். பெரும்பாலும் கைத்தொழிலாளர்கள், அவர்களில் நெசவாளர்கள் பலர். கூலி உயர்வு கேட்டுப் பார்த்து அது நடக்காமல் போயிருந்தது. கடையில் வைக்க அவர்களால் முடிந்தது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. அந்தக் கடையிடம் அவர்கள் கேட்டது ரொம்பச் சின்னது: கலப்படமில்லாத மாவு, சரியான எடை. அதைவிடக் குறைவாக ஒரு மனிதன் உலகத்திடம் கேட்க முடியாது. அந்தச் சின்னதையும் கொடுக்க ஆளில்லாததால் அவர்களே கொடுத்துக்கொண்டார்கள். பெரிய ஆசை வைத்திருப்பவன் அதை நிறைவேற்ற யாராவது வருவார் என்று காத்திருக்கலாம். எல்லாம் இறங்கி மாவுக்கு வந்துவிட்டவன் காத்திருக்க முடியாது. குறைந்தபட்சம் என்பது பிறரிடம் கேட்டுப் பெறுகிற பொருளே இல்லை என்று நான் நினைக்கிறேன். அது நாமே சுமக்கவேண்டியது, அதனால்தான் அவ்வளவு கனம்.

துடைப்பத்தோடு வந்த பெரி ரசிகர்களைப் பார்த்து அன்றைக்குத் தொலைக்காட்சியில் பரிதாபப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. புதுக் கிளப் தொடங்கினார்கள். 2022இல் கிக் லேன் மைதானம், அரசும் உள்ளூர் நிர்வாகமும் கொடுத்த உதவிப் பணத்தோடு, ரசிகர்கள் பக்கம் வந்தது. இடையில் இரு தரப்பாகப் பிரிந்து சண்டையும் போட்டார்கள். ஊர் என்றால் அப்படித்தான். 2023இல் ஒன்றுசேர்ந்து, பழைய பெயரிலேயே, ஒன்பதாம் அடுக்கில் ஆடினார்கள். அந்த அடுக்கில் சில நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். இவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கிளப் உயிரோடு இருந்தாலே போதும் என்று அழுத அதே ஆட்கள், இரண்டு சீசன்கூட முடியாத நிலையில், மேலே ஏறியாகவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். 2025இல் அணி பட்டம் வென்று எட்டாம் அடுக்குக்கு ஏறியது. இனி ஏழாம் அடுக்கு எப்போது என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள்.