தந்தைக்குரிய கடன்



நமது சீத்தா கேம்பின் மூத்தோருள் பலர், 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு இங்கு வந்தவர்கள். அணு ஆராய்ச்சி நிலையத்திற்காக அவ்விடம் காலி செய்யப்பட்டது. அவர்கள் இந்தச் சேற்று நிலத்தை மேடாக்கிக் குடிசை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தனர். அப்பிள்ளைகள் இன்று தாமே பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்துகின்றனர். அவ்வீடுகளுக்குச் செல்லும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்கிறோம். “குடித்தழித்தார், அம்மாவை அடித்தார்; அவருக்கு நான் ஏன் சோறு போட வேண்டும்?” என்கிறான் மகன். “பெற்றவன் சொல்லைக் கேளாதவன் பிள்ளையா?” என்கிறார் தந்தை. இவற்றுக்குப் பகவான் புத்தர் காட்டிய விடை யாது?

இராசகிருக நகரில் சிகாலன் என்னும் இளைஞன் இருந்தான். விடியற்காலையில் நீராடி, ஈர உடையோடும் ஈரத் தலையோடும் நின்று ஆறு திசைகளையும் வணங்கினான். காரணம் கேட்டார் பகவான். தந்தை இறக்கும்போது இட்ட கட்டளை என்றான் அவன். பொருளறியாத அச்செயலைப் பகவான் பழிக்கவில்லை. அதற்குப் பொருளைக் கொடுத்தார். கிழக்குத் திசை என்பது பெற்றோர் என்றார். பெற்றோரைப் பேணுதல், அவர்தம் காரியங்களைச் செய்தல், குலநெறி காத்தல், உரிமைக்குத் தகுதியாய் நடத்தல், மறைந்த பின் அவர் பொருட்டுத் தானமளித்தல் ஆகிய ஐந்தும் மக்களின் கடமை. தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிறுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க மணம் செய்வித்தல், உரிய காலத்தில் உரிமையை ஒப்படைத்தல் ஆகிய ஐந்தும் பெற்றோரின் கடமை.

ஆகவே குடித்துத் திரிந்த தந்தை தம் முதற் கடமையிலேயே தவறியவர். அதை எடுத்துக் கூறுவது பாவமன்று. அடிக்கும் கையைத் தடுப்பதும் மகனின் கடமையே. ஆயினும், ‘அவர் தவறினால் நீயும் விட்டுவிடு’ என்று பகவான் சொல்லவில்லை. பெற்றோரை இரு தோள்களிலும் நூறாண்டு சுமந்தாலும் கடன் தீராது. தீயொழுக்கமுடைய பெற்றோரை நல்லொழுக்கத்தில் நிறுத்துபவனே கடன் தீர்த்தவன் என்று போதித்தார். சோற்றுத் தட்டை வைப்பதோடு, குடியை விட்டொழிக்கத் துணை நிற்பதுமே மகன் செய்யும் கைம்மாறு.

இனித் தந்தையரை நோக்கிச் சில சொற்கள். போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் மறுமணம் செய்துகொண்டபோது, சிறுவனாயிருந்த பீமராவின் மனம் கசந்தது. தந்தையை நம்பியிராமல், பம்பாய் சென்று பஞ்சாலையில் வேலை தேடவும் அவர் எண்ணினார். அந்த எண்ணத்தை விடுத்துப் படிப்பில் முனைந்தார். பின்னர் குடும்பம் பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையில் வாழ்ந்தது. தந்தை பின்னிரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத் தாம் உறங்குவார். ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்த நமக்கு அந்த உறக்கத்தின் விலை தெரியும். 1913 ஜனவரியில் மகன் பரோடா சமஸ்தானப் பணிக்குப் புறப்பட்டார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை, மகனோ சென்றார். சில நாட்களில் தந்தையின் நோய்ச் செய்தி கேட்டு ஓடி வந்தார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் இராம்ஜி மறைந்தார். சொல் மீறிய மகன்தான் கடைசி நேரத்தில் அருகில் இருந்தார். கீழ்ப்படிதல் வேறு, நன்றியறிதல் வேறு என்பதைத் தந்தையர் இதிலிருந்து உணர்வார்களாக.

முதியோர் பராமரிப்புக்கென 2007ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. தீர்ப்பாயத்தில் முறையிட்டால் மாதந்தோறும் பணம் பெறலாம். சட்டம் சோற்றைப் பெற்றுத் தரும். முகம் பார்த்துப் பேசும் ஒரு சொல்லைப் பெற்றுத் தராது. அச்சொல்லை நாமேதான் கொடுக்க வேண்டும்.

வாழ்வு நிலையற்றது. இறந்தபின் படத்திற்கு மாலையிட்டு அழும் மகனையும், மகன் போனபின் அவன் அருமை பேசும் தந்தையையும் நாம் கண்டிருக்கிறோம். கருத்து வேற்றுமை தீரட்டும் என்று காத்திராதீர்கள். அது தீராமலே ஒரே பாயில் அமர்ந்து உண்ணலாம். இன்றிரவே உண்ணுங்கள்.

எல்லா உயிர்களும் நலமுறுக! சாது! சாது! சாது!