பழுதுற்ற காமிராவும் ஒரு சிராவகனின் ஐயமும்

சென்ற ஆடித் திங்களில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் அப்பாதையைப் பற்றி வாசக அன்பர்கள் பலரும் அறிந்திருப்பீர்கள். செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவின் கூட்டம் நிறைந்திருந்தது. மறுநாட் காலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, ஐயாறு ஆகாய கங்கையென வீழும் இடத்தை அடைந்தோம். அங்கே, ஈரம் படிந்த பாறையில் என் கால் வழுக்கியது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. தோளில் தொங்கிய காமிராவோ பாறையில் மோதித் தெறித்து நீருள் விழுந்தது. மகன் பாய்ந்து எடுத்தான். அதன் விசையை அழுத்தினேன். உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுந்து, மீண்டும் கீழிறங்காமல் நின்றுவிட்டது.

அது பென்டாக்ஸ் கே 1000 என்னும் வகையைச் சேர்ந்தது. 1976 முதல் 1997 வரை உருவாக்கப்பெற்ற, பற்சக்கரங்களாலும் சுருள்வில்லாலும் இயங்கும் கருவி. மின்கலம் ஒளியை அளக்க மட்டுமே வேண்டும். அஃதின்றியும் படம் எடுக்கலாம். உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவர, என் தந்தையார் அதனை வாங்கினார். கழுகுமலை, சித்தன்னவாசல், வள்ளிமலை, திருமலை என்று அறவோர் உறைந்த குன்றுகள் தோறும் அதனைச் சுமந்து சென்று, கற்படுக்கைகளையும் புடைப்புச் சிற்பங்களையும் படமெடுத்துத் தொகுத்தார். அவர் மறைந்தபின் அது என் கைக்கு வந்தது.

சேலத்தில் இத்தகைய கருவிகளைப் பழுது நீக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் திறந்து பார்த்து, நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கண்ணாடியைச் சரிசெய்துவிடலாம், சார். லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதையும் துடைத்துவிடலாம். ஷட்டர் திரைதான் போய்விட்டது. ரப்பர் பூச்சு வெடித்திருக்கிறது. என்னிடம் இதே மாதிரியில் ஒரு செத்த காமிரா இருக்கிறது; அதிலிருந்து எடுத்துப் போட்டுத் தருகிறேன். நல்ல பட்டுத்துணி சார், இன்னும் இருபது வருஷம் உழைக்கும்" என்றார்.

பட்டு என்ற சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகள் கையாண்ட கருவியின் உள்ளே, கொதிநீரில் இட்டுக் கொன்ற புழுக்கூட்டின் இழை ஓடிக்கொண்டிருந்ததை நான் அறியேன். எங்கள் இல்லத்துத் திருமணங்களில் பட்டுப்புடைவை தவிர்க்கப்பட்டு இரண்டு தலைமுறை ஆகின்றது.

பணக் கணக்கு எளிது. பழுது நீக்கச் சில ஆயிரம். புதிய மின்னணுக் காமிராவுக்கு அதைப்போல் பன்மடங்கு. நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில் "கைபேசி இருக்கும்போது எதற்கு இரண்டும்?" என்றனர். அவர்கள் கூற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

பட்டினைப் பற்றி எண்ணத் தொடங்கியவன் அதனோடு நிற்க இயலவில்லை. பிலிம் என்பது என்ன? மெல்லிய தாளின்மேல் பூசிய பசை. அப்பசையினுள் மிதக்கும் வெள்ளி உப்புகள். அப்பசை ஜெலட்டின். கால்நடைகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. 1871-இல் ரிச்சர்டு லீச் மாடக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து உலர்தட்டு செய்யும் வழியை வெளியிட்டார். அன்று தொடங்கி இன்றளவும், பிலிம் தயாரிப்பில் அதற்கு நிகரான மாற்று நிலைபெறவில்லை. படம் அச்சிடும் தாளிலும் அதுவே பூசப்படுகிறது.

இதில் வியப்பும் வேதனையும் ஒருங்கே தரும் செய்தி ஒன்று உண்டு. சில தொகுதி ஜெலட்டினால் செய்த பிலிம் ஒளியை விரைந்து உணர்வதும், வேறு சில தொகுதிகள் மந்தமாக இருப்பதும் உற்பத்தியாளருக்குப் புதிராக இருந்தது. கோடக் ஆய்வகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்டு 1925-இல் விடை கண்டார். அந்த மாடுகள் மேய்ந்த கடுகுச் செடிகளிலிருந்து வந்த கந்தகச் சேர்மத்தின் சுவடே காரணம். ஒரு பசு எந்தப் புல்லைத் தின்றது என்பது அது இறந்தபின்னும் ஒருவருடைய திருமணப் படத்தின் தெளிவில் தங்கியிருந்தது!

நம் மாநிலத்திலேயே, உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் பெயரில் பிலிம் விற்றது. தந்தையார் விரும்பி வாங்கியது அதைத்தான். அவ்வாலை இன்று இல்லை. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட ஆசிரியர்களின் உறைவிடங்களை, மாட்டெலும்புப் பசையின்மேல் அவர் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர் அறிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தத்வார்த்த சூத்திரம் கொலைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிருக்கு நேரும் ஊறு மட்டுமன்று, அதற்கு வேராகிய மனத்தின் சோர்வும் கடும்பற்றும் சேர்ந்தே கொலை என்கிறது. ஆதலின் அறியாமல் செய்த தந்தையார்பால் குறை காண்பதற்கில்லை. எனக்கு அந்தப் புகலிடம் இல்லை. முதியவரின் ஒரு சொல்லால் நான் அறிந்தவனாகிவிட்டேன்.

அப்படியானால் புதியதை வாங்குவதே அறமோ? மின்னணுக் காமிராவில் ஜெலட்டின் பூசிய பிலிம் இல்லை, உண்மைதான். ஆனால் அதன் உடலும் உறுப்பும் எங்கிருந்து வருகின்றன? இதே கொல்லிமலையில் பாக்சைட் வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்ற காலம் ஒன்றுண்டு. மண்ணை அகழும்போது அதிலுள்ள எண்ணற்ற உயிர்கள் என்னாகும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. மின்கலத்துக்கு வேண்டிய லித்தியமும் கோபால்ட்டும் அவ்வாறே எங்கோ ஒரு மலையின் வயிற்றைக் கீறி எடுக்கப்படுவன. பயன்முடிந்த மின்னணுப் பொருளுக்கு நம் நாட்டில் 2011-இல் விதிகள் வகுக்கப்பெற்றுப் பின்னர் இருமுறை மாற்றி எழுதப்பெற்றன; குப்பை குறைந்ததாகத் தெரியவில்லை. பழுது நீக்கும் உரிமை பற்றி ஆராய 2022-இல் மைய அரசு குழு ஒன்று அமைத்ததும் இக்கவலையால்தான். அன்றியும், கடைக்குச் சென்று ஒன்றைத் தொட்டவுடன் அதற்கு அடுத்ததன்மேல் எழும் அவாவை நான் நன்கு அறிவேன். மிகுபொருள் வரைதல் என்னும் அணுவிரதம் ஏட்டில் எளியது.

பூஞ்சையைப் பற்றி ஒரு சொல். அதுவும் ஓரறிவுயிர் அன்றோ என்று இல்லாள் கேட்டாள். துடைப்பதைவிட, ஈரம் புகாத பெட்டியில் வைத்து அது தோன்றாமற் காத்திருக்க வேண்டும் என்பதே விடை. அந்த முன்னெச்சரிக்கையில் நான் தவறியவன். அதனைப் பிறர்மேல் ஏற்ற இயலாது.

சில வாரங்கள் கழித்தே எனக்கு ஒரு வேறுபாடு புலனாயிற்று. முதியவர் தர முன்வந்த பட்டுத்திரை புதிதாய் ஒரு புழுவையும் கொல்லச் சொல்லாது. அது முன்பே நெய்யப்பட்டு, முன்பே ஒரு கருவியில் உழைத்து ஓய்ந்தது. தந்தையாரின் பழைய நெகட்டிவ்களும் அத்தகையனவே. அவற்றை எரிப்பதால் எந்த மாடும் உயிர்பெறாது. சிற்பங்களின் சான்றுதான் அழியும். ஆனால் நான் வாங்கும் ஒவ்வொரு பிலிம் சுருளும் "இன்னொன்று செய்க" என்று ஆலைக்கு அனுப்பும் ஆணை. பிலிம் வழக்கொழிந்துவிட்டது, என் ஒரு சுருளால் என்ன என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இளைஞரிடையே அதன்மேல் விருப்பம் மீண்டும் பெருகி, 2024-இல் பென்டாக்ஸ் பெயரிலேயே புதிய பிலிம் காமிரா ஒன்று வெளிவந்துள்ளது. எனவே கருவியைப் பழுது நீக்குவதில் குற்றம் காணேன். நீக்கியபின் அதற்கு நாள்தோறும் இரையிடுவதில்தான் சிக்கல். இரையிடாமல் அலமாரியில் வைப்பதற்குச் செப்பனிடுவதேன்?

ஏனெனில் அது தந்தையாருடையது. இங்கேதான் நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சிக்கனம், பழையதைப் போற்றுதல் என்றெல்லாம் பெயரிட்டு நான் காத்துக்கொண்டிருந்தது பற்றினை. மேற்சொன்ன நூலே பொருளைக் கூட அன்று, மயங்கிப் பற்றுதலையே பரிக்கிரகம் என்கிறது. புதியதை விழைவோனும் பழையதை விடாதவனும் ஒரே தராசின் இரு தட்டுகளில் நிற்கக்கூடும் என்பது எனக்கு உவப்பான செய்தியாக இல்லை.

ஜெலட்டின் உறையிட்ட மருந்தை நோயுற்றபோது விழுங்குகிறோமே என்று என் பெரியப்பா மகன் கேட்டான். நியாயமான வினா. உயிர் காக்கும் மருந்தையும் ஓர் அருவியின் படத்தையும் ஒரே நிறையில் வைக்க என்னால் முடியவில்லை என்று மட்டும் கூறினேன். அவன் நிறைவடையவில்லை, நானும் முழுதும் நிறைவடைந்தேன் என்பதற்கில்லை.

மீண்டும் சேலம் சென்று, காமிராவை அம்முதியவரிடமே விட்டுவிட்டேன். விலை பேசவில்லை. பற்சக்கரங்களும் வில்லும் கண்ணாடியும் நலமாக உள்ளன. வேறு நான்கு கருவிகளாவது அவற்றால் உயிர்பெறும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "எல்லாரும் இப்படி விட்டுவிட்டால் எனக்கு வேலை ஏது, சார்?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. குன்றுகளின் சிற்பங்களை இனி வீட்டிலுள்ள கைபேசியாலேயே பதிவு செய்வதென முடிவு செய்துள்ளேன். அது பழுதுறும் நாளில் இதே வினா திரும்ப வரும்.

காமிராவினுள் பாதி எடுத்த சுருள் ஒன்று இருந்தது. அதை மட்டும் கழுவித் தரும்படி கேட்டேன். தாளில் அச்சிடாமல் நெகட்டிவைக் கணினியில் ஏற்றிப் பார்த்தோம். நீர் புகுந்ததால் பெரும்பாலானவை கறைபட்டிருந்தன. பதினான்காவது படம் தெளிவாக இருந்தது. அருவிக்குச் செல்லும் படிகளில், கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு என் மகன் திரும்பிப் பார்க்கிறான்.