நீர் பிரியும் மேடு

ஆங்கிலச் செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'வாட்டர்ஷெட்'. தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, கோப்பையை வென்ற இரவு, புதுச் சட்டம் நிறைவேறிய மாலை, எல்லாமே வாட்டர்ஷெட். அதே சொல்லைத்தான் நம் ஊர்ப்புறத்துத் திட்டப் பலகைகள் 'நீர்வடிப்பகுதி' என்கின்றன. அங்கே தடுப்பணை, பண்ணைக்குட்டை, கல்வரப்பு. செய்தித்தாளின் ஆரவாரத்துக்கும் இந்தக் கல்வரப்புக்கும் என்ன உறவு என்று யோசித்தபடி எழுதிய குறிப்புகள் இவை.

*

'ஷெட்' என்றால் நமக்குத் தகரக் கொட்டகை. இந்தச் சொல்லில் வருவது அதுவல்ல. பிரிப்பதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ஸ்காட்லாந்துப் பக்கம் தலைவகிட்டுக்கும் 'ஷெட்' என்றே பெயர். ஜெர்மானியரும் இதே பொருளில் 'வாசர்ஷைட' என்பார்கள். ஆக, மலை உச்சியில் எடுத்த வகிடு: மழை அதன் இருபுறமும் வழிந்து போகிறது.

அமெரிக்கர்கள் வகிட்டை விட்டுவிட்டு, வகிடுகளுக்கு நடுவே நீர் கூடும் பள்ளத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். நம் திட்டப் பலகைகளுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பொருள்தான். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் செய்தித்தாளின் உருவகம் பிறந்தது மேட்டிலிருந்து. பள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு 'இந்த ஆண்டு ஒரு வாட்டர்ஷெட்' என்று எழுதினால் வாக்கியம் நிற்கிறது, படம் கவிழ்ந்துவிடுகிறது.

*

கர்நாடகத்தில், சக்லேஷ்பூரை அடுத்த பிஸ்லே மலைப்பாதைக்கு அருகே மங்கனஹள்ளி என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கல் நட்டிருக்கிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் அரபிக்கடல். கல்லுக்குக் கிழக்கே விழும் துளி ஹேமாவதிக்குப் போய், காவிரியில் கலந்து, தஞ்சை வயல்களைத் தாண்டி (வழியில் யாரும் மடை திறந்துகொள்ளாவிட்டால்) கடல் சேரும். மேற்கே விழும் துளி குமாரதாரா, நேத்ராவதி வழியாக மங்களூருக்கு.

கல்லடியில் இரண்டு துளிகளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. ஒரே மேகம், ஒரே மழை. காற்று கொஞ்சம் திரும்பி வீசியிருந்தால் இடம் மாறியிருக்கும். அவை பிரிந்தன என்பது கல்லடியில் தெரியாது. மங்களூரில் நிற்பவருக்கும் பூம்புகாரில் நிற்பவருக்கும்தான் தெரியும், அதுவும் இருவரும் பேசிக்கொண்டால்.

எனவே ஒரு நிகழ்ச்சியை அது நடந்த அன்றைக்கே வாட்டர்ஷெட் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேட்டில் நின்றுகொண்டு கடலைப் பார்த்ததாகச் சொல்வது அது. பத்து வருஷம் போகட்டும். பிரிந்த தண்ணீர் கீழே எங்காவது மறுபடி சேர்ந்துவிட்டால், நாம் பார்த்தது மேடு அல்ல. ஆற்றின் நடுவே கிடந்த ஒரு திட்டு. ஸ்ரீரங்கத்தைச் சுற்றிப் போகும் நீரை யாரும் இரண்டு கடலுக்குப் போகிறதென்று சொல்ல மாட்டார்கள்.

*

மேடு என்றால் உயரமாக இருக்க வேண்டும் என்றும் நினைத்துவிடுகிறோம். கோவை உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில். கோவையின் நொய்யல் கிழக்கே காவிரிக்குப் போகிறது. பொள்ளாச்சியின் ஆழியாறோ மேற்கே பாரதப்புழைக்குப் போய் அரபிக்கடலில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே அந்த வகிடு எங்கோ சாலையைக் கடக்கிறது. கொண்டை ஊசி வளைவு கிடையாது, ஏற்றம் என்று சொல்லும்படியும் எதுவும் கிடையாது. தென்னந்தோப்பு, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க். பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தியத் தீபகற்பத்தின் நீரை இரண்டாக வகுக்கும் கோட்டை அவர்கள் தூக்கத்தில் கடக்கிறார்கள்.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். உச்சக்கட்டம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாட்டர்ஷெட்டைப் போடுகிறவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது ஆனைமுடியை. பொள்ளாச்சி ரோடு அவர்கள் நினைவில் இல்லை.

*

1983. இந்தியக் கிரிக்கெட்டின் வாட்டர்ஷெட் என்று எல்லோரும் எழுதும் வருஷம். இங்கே சொல் பொருந்துகிறது. அதற்குப் பிறகு ஓடிய தண்ணீர் பழைய பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மேடு எது? ஜூன் 25, லார்ட்ஸ் மாடத்தில் உலகக் கோப்பையைத் தூக்கிய படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அது ஆனைமுடி. என்னைக் கேட்டால் ஒரு வாரம் முன்னே, ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்பேன். ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போயிருந்தது. அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தார். அந்த ஆட்டத்துக்கு ஒளிப்பதிவே கிடையாது.

*

நிலத்தில் இருக்கும் மேட்டை ஒருவர் காலையில் ஏறி, மாலையில் இறங்கித் திரும்பலாம். ஆங்கிலம் அதை எடுத்துக் காலத்தில் நட்டபோது, திரும்பும் வழி அடைபட்டது. இருபக்கம் என்பது முன்னும் பின்னும் ஆனது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு வாட்டர்ஷெட் என்று பெயர். குழந்தைகள் பார்க்கக் கூடாதவை அதற்குப் பிறகுதான். கடிகாரத்தின் மேல் ஒரு மலைமுகடு! அங்கேயும் காலை 5.30-க்குத் தண்ணீர் சத்தமில்லாமல் பழைய பக்கமே வந்துவிடுகிறது.

இன்னொன்று: வகிடு என்றால் இரண்டு பக்கம்தான் என்ற உறுதியும் இல்லை. அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரு சிகரம். அதன் நீர் மூன்றாகப் பிரிகிறது: பசிபிக், மெக்சிகோ வளைகுடா வழியாக அட்லாண்டிக், வடக்கே ஹட்சன் விரிகுடா. காலத்துக்கு இப்படி மூன்றாவது சரிவு இருக்குமா? வரலாற்று ஆசிரியர்கள் யாராவது முயன்று பார்க்கலாம்.

*

தமிழில் இதைத் 'திருப்புமுனை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரும்பாலான இடங்களில் குறையில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு படம். திருப்புமுனையில் போய்க்கொண்டிருந்த ஒன்று திசை மாறுகிறது. நீர் பிரியும் மேட்டில் எதுவும் திசை மாறுவதில்லை. ஒன்றுபோல் இருந்தவை தத்தம் வழியே போகின்றன. மேடு தன் பாட்டுக்கு இருக்கிறது.

*

முல்லைப் பெரியாறு. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய ஆற்றை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் சற்று அதிகமான சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைக்குக் கொண்டுவந்தார்கள். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. தேனிப் பக்கம் இன்றைக்கும் ஜனவரி 15-இல், அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதும் யாரும் '1895 ஒரு வாட்டர்ஷெட்' என்று எழுதத்தான் செய்வார்கள். எழுதியதும் சொல் காலை வாரும். இயற்கை வகுத்த மேட்டை மனிதன் துளைத்த வருஷம் அது. அங்கே தண்ணீர் பிரியவில்லை, மேற்கே போக வேண்டியது கிழக்கே வந்தது. அந்த ஓர் இடத்தில் நான் 'திருப்புமுனை' என்றே எழுதுவேன், அதன் நேர்ப்பொருளில்.